தத்தெடுத்த குழந்தையை விமானத்தில் வீட்டுக்கு அழைத்து வருதல்

இந்தியாவில் சட்டப்படி தத்தெடுக்க விரும்புவோர் தாம் வாழும் ஊரிலேயே குழந்தை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடிவதில்லை. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்குவதும் ‘காரா’ என்ற சுருக்கப் பெயரால் அனைவரும் குறிப்பிடுவதுமான மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், நாடு முழுவதற்கும் பொதுவான இணையப் பதிவின் வழியே பெற்றோரையும் குழந்தையையும் இணைப்பதால், கோயம்புத்தூரில் பதிவு செய்த தம்பதிக்குப் புணேயிலோ கட்டாக்கிலோ உள்ள ஒரு சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்திலிருந்து அழைப்பு வருவது இயல்பு. அழைப்பு வந்த சில நாள்களில் இருவராகப் புறப்பட்டுச் சென்று மூவராகத் திரும்ப வேண்டியிருக்கும். தொலைவு கருதிப் பெரும்பாலோர் திரும்பும் வழி விமானமே. கைக்குழந்தையுடன் பயணம் செய்வது பற்றிய அறிவுரைகளுக்குக் குறைவில்லை எனினும், தன்னைத் தூக்கி வைத்திருப்பவர் யாரென்று குழந்தைக்குத் தெரியும் என்ற எண்ணத்தின் மேலேயே அவை எழுதப்பட்டிருக்கின்றன. இந்த அத்தியாயம் பேசும் குழந்தைக்கு அது தெரியாது. ஆகவே வழக்கமான அறிவுரைகளில் பாதி அப்படியே பொருந்தும், மீதியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த நாட்டின் தத்தெடுப்பு நெறிமுறைகளின் தொடக்கத்திலேயே ஒரு பயணம் பற்றிய முறையீடு இருக்கிறது. லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், தத்து என்ற பெயரால் இந்தியக் குழந்தைகள் உயிருக்கே ஆபத்தான நெடும்பயணமாகத் தொலைநாடுகளுக்கு அனுப்பப்படுவதாகக் குற்றஞ்சாட்டியிருந்தார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்று 1984இல் அளித்த தீர்ப்பு, வெளிநாட்டுத் தத்துக்கான விதிகளை முதன்முறையாக வகுத்தது. 1990இல் மத்திய ஆணையம் உருவானதும் அதன் தொடர்ச்சியே. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, அதாவது நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம், தன் 19ஆவது கூற்றில் குழந்தையை இடம் மாற்றுவது பாதுகாப்பாகவும் தகுந்த சூழலிலும், இயலுமாயின் தத்தெடுக்கும் பெற்றோருடனும் நடைபெற வேண்டும் என்கிறது. இந்தியா இதற்கு 2003இல் ஏற்பளித்தது. குழந்தையை யார், எப்படி எடுத்துச் செல்கிறார்கள் என்பதைச் சட்டமே கவனிக்க வேண்டிய பொருளாகக் கருதியிருக்கும்போது, பெற்றோர் அதைப் பயணச்சீட்டு எடுக்கும் வேலையாக மட்டும் கருதிவிடக் கூடாது.

பயணச்சீட்டு எடுக்கும் முன்

பெற்றோர் குழந்தையை ஏற்றுக்கொண்ட பின், பத்து நாள்களுக்குள் குழந்தை அவர்களிடம் ‘தத்தெடுப்புக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு’ என்ற ஏற்பாட்டின்கீழ் ஒப்படைக்கப்படுகிறது. தத்து ஆணை வரும்வரை குழந்தையை வளர்ப்புப் பொறுப்பில் வைத்துக்கொள்வதாகப் பெற்றோர் உறுதிமொழி எழுதிக் கொடுத்து அழைத்துச் செல்வதே இதன் பொருள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது முதல் அந்த ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். விண்ணப்பம் வந்து இரண்டு மாதங்களுக்குள் அது முடிவு செய்யப்பட வேண்டும் என்பது விதி. ஆக, முதல் விமானப் பயணம் ஆணைக்கு முன்பே நிகழ்கிறது. விமானத்தில் ஏறும்போது அவர்கள் நடைமுறையில் தாய் தந்தையர், தாள்களின்படி இன்னும் வளர்ப்புப் பொறுப்பாளர்கள் என்ற இந்த இடைநிலை, பின்னர் பேசப்படும் ஆவணச் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர்.

காலையில் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு மாலை விமானத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்கிடுவது பெற்றோர் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது. விடுப்புக் குறைவு, விடுதிச் செலவு, ஊரில் காத்திருக்கும் உறவினர் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் ஆயாவின் கையிலிருந்து பெற்றோர் கைக்கு மாறிய ஐந்து மணி நேரத்துக்குள் குழந்தை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மொழி மாறிய ஓர் ஊரில் இருப்பது அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் தூக்கிச் செல்லப்படுவதற்கும் வேறானதல்ல. நிறுவனம் இசைந்தால் ஒப்படைப்புக்கு முன் இரண்டு மூன்று நாள்கள் குழந்தை வளரும் இல்லத்துக்குப் போய் வருவதும், ஒப்படைத்த பின் அதே ஊரில் குறைந்தது மூன்று இரவுகள் தங்குவதும் நலம். அந்த மூன்று நாள்களில் குழந்தை எந்த நேரத்தில் தூங்குகிறது, எந்த வேகத்தில் பால் குடிக்கிறது, அழுதால் எதற்கு அடங்குகிறது என்பன தெரிந்துவிடும். விமானத்தில் கைகொடுக்கப் போவது இந்த அறிவு மட்டுமே. ஒப்படைக்கும் தேதி கையெழுத்துகளுக்காக ஓரிரு நாள் தள்ளிப்போவதும் உண்டு என்பதால், திரும்பும் சீட்டு தேதி மாற்றத்தக்கதாக இருப்பது சற்றுக் கூடுதல் விலைக்கு ஈடானது.

நேரத்தைத் தேர்வதில் மலிவைப் பார்க்காமல் குழந்தையின் நாளைப் பார்க்க வேண்டும். இல்லங்களில் எல்லாமே மணிப்படி நடப்பதால், பகல் ஒரு மணிக்கு உண்டு இரண்டு மணிக்கு உறங்கும் பழக்கம் அக்குழந்தைகளிடம் ஊறிப் போயிருக்கும். அதை ஒட்டி அமையும் பிற்பகல் விமானம் நல்லது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பித் தூக்கிச் செல்ல வேண்டிய விமானம் எத்தனை மலிவாயினும் தவிர்க்கத்தக்கது. ரயிலில் வரலாகாதா என்று கேட்பவர்களும் உண்டு. மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு நாளும் விமானத்தில் இரண்டு மணி நேரமும் ஆகும். நடந்து திரியும் மூன்று வயதுக் குழந்தைக்கு ரயிலின் இடவசதி உதவக்கூடும் என்றாலும், பால் கலக்கவும் துணி மாற்றவும் வேண்டிய கைக்குழந்தைக்கு விமானமே மேல்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

உள்நாட்டு விமானத்தில், உரிய அடையாள அட்டை வைத்திருக்கும் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ செல்லும் சிறுவர்களுக்குத் தனி அடையாள அட்டை தேவையில்லை. அதைக் கேட்டு நிம்மதியடையும் பெற்றோர் மறந்துவிடுவது, விமான நிறுவனங்கள் கைக்குழந்தைக்கு வயதுச் சான்று கேட்கும் என்பதை. இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் அமர்ந்து குறைந்த கட்டணத்தில் செல்லலாம், நிறைந்தால் தனி இருக்கை வாங்க வேண்டும் என்பதால் அந்தச் சான்று பிறந்த தேதியைக் காட்ட வேண்டும். பெற்றோர் பெயருடன் பிறப்புச் சான்றிதழ் வழங்கப்படுவது தத்து ஆணைக்குப் பிறகே. எனவே தத்தெடுப்பு நிறுவனம் தன் முகப்புத் தாளில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஒட்டி முத்திரையிட்ட புகைப்படம், பெற்றோரின் பெயர்கள் ஆகியவற்றுடன் தரும் ஒப்படைப்புக் கடிதமும் தடுப்பூசி அட்டையுமே அந்த இடத்தை நிரப்ப வேண்டும். கடிதம் உள்ளூர் மொழியில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலும் ஒன்று கேட்டுப் பெறலாம். இவற்றோடு வளர்ப்புப் பராமரிப்பு உறுதிமொழியின் நகல், குழந்தையைத் தத்துக்கு உரியதெனச் சட்டப்படி அறிவித்த குழந்தைகள் நலக் குழுவின் ஆணை நகல், மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகியன ஒரே கோப்பில் கைப்பையில் இருக்க வேண்டும்; சரக்கில் போடும் பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

பிறந்த தேதியைப் பற்றிக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட நிலையில் கிடைத்த குழந்தையின் பிறந்த நாள் பெரும்பாலும் மருத்துவர் மதிப்பிட்ட வயதைக் கொண்டு குறிக்கப்பட்டது. ஊட்டம் குறைந்த குழந்தை இரண்டரை வயதிலும் ஒன்றரை வயதுத் தோற்றத்தில் இருக்கலாம். நிலையத்தில் இருப்பவர் தாளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்ப்பது அதனாலேயே. கணக்கில் கொள்ளப்படுவது தாளில் உள்ள தேதிதான் என்பதைப் பெற்றோர் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லலாம். பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்கு விமான நிறுவனங்கள் விதிக்கும் தடை இங்கே பெரும்பாலும் எழுவதில்லை; பெற்றவர் தாமே ஒப்படைத்த குழந்தையானால், அவர் மனம் மாறித் திரும்பக் கேட்பதற்குச் சட்டம் 60 நாள் அவகாசம் தருவதால், தத்துக்கு வரும்போது குழந்தைக்கு இரண்டு மாதமாவது கடந்திருக்கும்.

பெயரில்தான் தமிழ்ப் பெற்றோர் அதிகம் இடறுகிறார்கள். வீட்டில் வைக்கப் போகும் பெயரை, அதுவும் தந்தையின் முன்னெழுத்துடன், ஆசையாகப் பயணச்சீட்டில் பதிந்துவிட்டு, இல்லத்தில் வைத்த வேறொரு பெயரைத் தாங்கிய கடிதத்துடன் நுழைவாயிலில் நிற்கும் நிலை ஏற்படுகிறது. புதிய பெயர் தத்து ஆணையில் வரும். அதுவரை சீட்டில் இருக்க வேண்டியது கடிதத்தில் உள்ள பெயரே, எழுத்துக்கு எழுத்து. கடிதத்தில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, பதிவுப் படிவம் குடும்பப் பெயரையும் கேட்டால், தந்தை பெயரைத் தாமே சேர்ப்பதைவிட விமான நிறுவனத்தைக் கேட்டு அது சொல்லும் முறையில் நிரப்புவது பாதுகாப்பானது. ஒற்றைப் பெயரோடு காலம் தள்ளும் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை புதிதும் அன்று.

குழந்தை விட்டுவரும் உலகம்

இல்லத்தில் வளர்ந்த குழந்தை உலகத்தை ஒன்றிரண்டு அறைகளாகவே அறிந்திருக்கும். அங்கே எந்நேரமும் பிற குழந்தைகளின் சத்தம் இருக்கும். இரவிலும் விளக்கு எரியும். தூக்குபவர்கள் பெரும்பாலும் பெண்களாதலால் தாடி வைத்த முகத்தையோ கனத்த குரலையோ அது அருகில் அறிந்திராது. வாகனத்தில் ஏறியிருந்தால் அது ஊசி போட மருத்துவமனைக்குச் சென்றதாகவே இருக்கும். ஆகவே காரில் ஏற்றியதும் அழுகை தொடங்குவதற்குப் பெற்றோரின் கைப்பழக்கக் குறைவைக் காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை.

புதிய ஆடை, புதிய பொம்மை, புதிய பால்புட்டி என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கி வருவது அன்பினால்தான் என்றாலும், பழகிய பொருள் ஒன்றும் மிஞ்சாமல் போவது குழந்தைக்கு இழப்பு. ஒப்படைப்புக்கு ஓரிரு நாள் முன்பே ஒரு பருத்திப் போர்வையைக் கொடுத்து, குழந்தை படுக்கும் தொட்டிலில் போட்டு வைக்கச் சொல்லி, அதைத் துவைக்காமல் திரும்பப் பெற்று விமானத்தில் கையோடு வைத்திருப்பது எளிய, பயனுள்ள முறை. மணம் என்பது குழந்தைக்கு முகத்தைவிட முன்னதாக ஆறுதல் தருவது. வாசனைத் திரவியத்தை அந்த வாரம் பெற்றோர் தவிர்க்கலாம். இல்லத்தில் கொடுக்கும் பால்மாவின் பெயரையும் கலக்கும் அளவையும் கேட்டு, அதே மாவையே முதல் சில வாரங்கள் தொடர வேண்டும். பயண நாளில் மாவை மாற்றினால் விமானத்தில் வயிற்றுப்போக்கோடு மல்லுக்கட்ட நேரும். சில இல்லங்களில் ஒரே ஆயா பல குழந்தைகளுக்குப் பாலூட்ட வேண்டியிருப்பதால் புட்டிக் காம்பின் துளையைப் பெரிதாக்கியிருப்பார்கள். அதற்குப் பழகிய குழந்தை புதிய காம்பை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு தட்டிவிடும். பசியில்லை என்று பெற்றோர் முடிவு செய்துவிடுவார்கள். பழைய புட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வருவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

பேச்சு வந்த குழந்தையானால் மொழி ஒரு தனிப் பொருள். மராத்தி பேசும் இல்லத்திலிருந்து வரும் குழந்தை ‘ஆயி’ என்று கூப்பிட்டால் அது அம்மாவைத் தேடுகிறது; தமிழ்க் காதில் அது கழிப்பறைக்குப் போகவேண்டும் என்பதாக விழும். அதே குழந்தை ‘ஷீ’ என்றால் அதுதான் கழிப்பறைக்கான சொல். தமிழ்ப் பெற்றோரோ அருவருப்பைக் காட்டுகிறது என்று நினைத்து வாய்மேல் விரல் வைப்பார்கள். விமானத்தின் இருக்கைப்பட்டை விளக்கு எரியும் நேரத்தில் இந்த இரண்டு சொற்களும் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தெலுங்கு இல்லங்களிலிருந்து வரும் குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அம்மா இரு மொழியிலும் அம்மாதான், சோற்றுக்கான ‘புவ்வா’வும் இரு பக்கமும் புரியும். எந்த மொழியானாலும் தண்ணீர், பால், சோறு, தூக்கம், வலி, போதும், வேண்டாம், கழிப்பறை ஆகியவற்றுக்கு அக்குழந்தையின் இல்லத்தில் வழங்கும் மழலைச் சொற்களை ஆயாவிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். அகராதிச் சொல் இங்கே உதவாது.

விமான நிலையத்தில்

பாதுகாப்புச் சோதனையில் குழந்தையைச் சுமக்கும் துணித்தூளியைக் கழற்றித் தட்டில் போடச் சொல்வார்கள். தள்ளுவண்டியும் ஊடுகதிர் எந்திரத்துக்குள் போகும். மடியில் ஒட்டிக்கொண்டு அப்போதுதான் அமைதியான குழந்தையைப் பிரித்தெடுக்க வேண்டிய இந்தக் கணத்தை முன்னறிந்து, வரிசையில் நிற்கும்போதே தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வது நல்லது. தாய் திரையிட்ட அறைக்குள் சோதிக்கப்படுவதாலும், அங்கே கைக்கருவி ‘கீ’ என்று ஒலிப்பதாலும், குழந்தையை அந்த நேரம் யார் வைத்திருப்பது என்பதைக் கணவனும் மனைவியும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பொதுவாக, அதுவரை குழந்தை யாரிடம் அதிகம் ஒட்டியிருக்கிறதோ அவரே வைத்திருக்க வேண்டும், இருவரும் மாறி மாறி வாங்கக் கூடாது. ஒப்படைத்த மகிழ்ச்சியில் பாட்டி கொடுத்தனுப்பிய வெள்ளி அரைஞாணும் கொலுசும் கருவியை ஒலிக்கச் செய்யும். அவற்றை வீட்டுக்கு வந்த பிறகு அணிவித்துக்கொள்ளலாம்.

விமானத்தில் முதலில் ஏறக் குழந்தையுள்ள குடும்பங்களை அழைப்பது ஒரு சலுகை. ஆனால் அதன் பயன் ஐயத்துக்குரியது. மூடிய, அசையாத, காற்றோட்டம் குறைந்த கூட்டுக்குள் குழந்தை அரைமணி கூடுதலாக அமர நேரிடுகிறது. ஒருவர் பைகளுடன் முதலில் ஏறி இடத்தை ஒழுங்கு செய்ய, மற்றவர் குழந்தையுடன் சன்னலோரம் நின்று வேடிக்கை காட்டிவிட்டுக் கடைசியாக ஏறுவது மேலான முறை.

நிறத்திலோ சாயலிலோ ஒவ்வாத குழந்தையை வைத்திருப்பவர்களைச் சக பயணிகள் சும்மா விடுவதில்லை. யார் ஜாடை, தாய்ப்பால் உண்டா, எத்தனை மாதம் என்று அன்பான விசாரணை நீளும். குழந்தையின் வரலாறு குழந்தைக்குரிய சொத்து. அதை அடுத்த இருக்கைக்காரருக்குச் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. ‘எங்கள் குழந்தை, ஊருக்குப் போகிறோம்’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். அதிகாரிகள் கேட்டால் மட்டும் கோப்பைக் காட்டி முழு உண்மையையும் சொல்ல வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது என்பதால், நிலையத்தில் எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் இடும் ஆவலை ஆணை வரும்வரையாவது அடக்கிக்கொள்ள வேண்டும்.

வானில்

பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பதிவில் பயணம் செய்யும் பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவர் அருகிலாவது இருக்கை தரப்பட வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே மூவரையும் ஒரே பதிவில் சேர்ப்பது முக்கியம். மடிக்குழந்தைக்குப் பணியாளர் தரும் துணைப்பட்டை பெரியவரின் பட்டையில் கோக்கப்படுவது. ஒரே பட்டைக்குள் இருவரையும் சேர்த்துக் கட்டினால், அதிர்ச்சி நேரும்போது பெரியவரின் எடையெல்லாம் குழந்தையின் வயிற்றில் இறங்கும். இரட்டையரைத் தத்தெடுத்தவர்கள் அருகருகே அமர முடியாமல் போகலாம், ஏனெனில் ஒரு வரிசையின் ஒரு பக்கத்தில் இருக்கைகளைவிட ஓர் உயிர்வளி முகமூடியே பொதுவாகக் கூடுதலாக இருக்கும்; நடைபாதையின் இருபுறமும் அமர்வது அதற்கு வழி.

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளதைப் போல் இருப்பதில்லை. அது அதிக அளவாக 8,000 அடி, அதாவது ஏறத்தாழ 2,440 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தம் வரை குறையலாம். உதகமண்டலம் 2,240 மீட்டரிலும் தொட்டபெட்டா 2,637 மீட்டரிலும் இருப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு மலைச்சரிவுக்கு இருபது நிமிடத்தில் ஏறி அதே வேகத்தில் இறங்குவதாகக் கொள்ளலாம். நலமான குழந்தைக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் இதயக் குறையோ நுரையீரல் நோயோ கடும் இரத்தசோகையோ உள்ள குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கும் பயணத்துக்கு முன் மருத்துவர் கருத்தைப் பெறுவது கட்டாயம். இல்லக் குழந்தைகளிடையே சளியும் காதுச் சீழும் எளிதில் பரவுவதால், தங்கியிருக்கும் நாள்களில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டிவிட வேண்டும்.

காதுவலி வருவது ஏறும்போது அன்று, இறங்கும்போது. தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் செவிக்குழல் குழந்தைகளுக்குக் குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருக்கிறது. ஏறும்போது உள்ளிருக்கும் காற்று தானே வெளியேறிவிடுகிறது, இறங்கும்போதோ வெளியழுத்தம் கூடிக் குழலின் வாய் ஒட்டிக்கொள்வதால், விழுங்கும் அசைவு மட்டுமே அதைத் திறக்கிறது. எனவே பாலூட்ட வேண்டிய நேரம் தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரைமணி முன்னர். இருக்கைப்பட்டை அறிவிப்புக்குக் காத்திருந்தால் தாமதமாகிவிடும். அதற்கு முன்பே எந்திரத்தின் ஓசை சட்டென்று தணிந்து, விமானத்தின் மூக்கு தாழ்வது உடலில் தெரியும். அப்போது புட்டியை எடுக்க வேண்டும், குழந்தையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்து ஊட்ட வேண்டும். பசி இருந்தால்தான் குடிக்கும் என்பதால் இடையில் நிறையக் கொடுத்துவிடாதிருப்பதும் தேவை. தரையில் இறுக மூடிய புட்டியை உயரத்தில் அப்படியே வாயில் வைத்தால், உள்ளே விரிந்த காற்று பாலைப் பீய்ச்சிக் குழந்தைக்குப் புரையேறும். மூடியை ஒருமுறை திருகித் திறந்து மூடினால் போதும். தூங்குவதற்காகச் சளி மருந்தைப் புகட்டுவது இன்றும் ரகசியமாக வழங்கும் பழக்கம். மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்யக் கூடாது, சில குழந்தைகளுக்கு அம்மருந்து தூக்கத்துக்கு மாறாகப் பரபரப்பைத் தருவதும் உண்டு.

அழுகையைக் கண்டு பெற்றோர் கூசுகிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது அழாத குழந்தையை. இரண்டு மணி நேரமும் அசையாமல், கண்ணைக் கண்ணோடு சேர்க்காமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு எதையும் கேட்காமல் வந்த குழந்தையை விமானம் முழுவதும் ‘சமத்து’ என்று மெச்சும். அச்சம் மிகுந்தால் உறைந்துபோவதும் குழந்தையின் ஒரு தற்காப்பு. அழுதும் பயனில்லை என்று இல்லத்தில் கற்றுக்கொண்டிருக்கவும் கூடும். அத்தகைய குழந்தையைக் கொஞ்சி விளையாட்டுக்கு இழுக்காமல், மார்போடு சாய்த்து, மெல்லிய குரலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது போதும். தலையில் தட்டிக்கொள்வது, முன்னும் பின்னும் ஆடுவது போன்றவை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் முறைகள். அந்த நாளில் அவற்றைத் தடுக்க வேண்டாம். பிஸ்கட்டைக் கையில் இறுக்கி வைத்துக்கொண்டு தின்னாமல் தூங்கினால், விரலை விரித்துப் பிடுங்காமல் விட்டுவிட வேண்டும். விமானக் கழிப்பறையின் உறிஞ்சும் ஓசை பெரியவர்களையே துணுக்குறச் செய்வது. குழந்தையை வெளியே கொடுத்த பிறகு பொத்தானை அழுத்துவது நல்லது.

கடல் கடந்து செல்வோர்

வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள், அவர்களில் தமிழர் பலர், தத்தெடுக்கும்போது ஆணையத்தின் தடையின்மைச் சான்றும், அதன்பின் தத்து ஆணையும், தத்து ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்பதற்கான இணக்கச் சான்றும், குழந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டும், செல்லும் நாட்டின் விசாவும் அமைந்த பிறகே பயணம். குடிவரவு மேசையில் இவை அனைத்தையும் கேட்கலாம் என்பதால், நகல்களை ஒரு பெற்றோரிடமும் மூலங்களை மற்றவரிடமும் பிரித்து வைத்திருக்க வேண்டும். நீண்ட விமானங்களில் முன்சுவரில் பொருத்தும் தொட்டிலை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். அதன் எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், விமானம் குலுங்கும் ஒவ்வொரு முறையும் தூங்கும் குழந்தையை அதிலிருந்து எடுக்கவும் சொல்வார்கள். அமெரிக்க விமானங்களில் மடிக்குழந்தைக்குத் துணைப்பட்டை கிடையாது. தனி இருக்கையில் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையைக் கட்டுவதையே அந்நாட்டு நிர்வாகம் பரிந்துரைக்கிறது. வளைகுடா நகரங்களில் விமானம் மாறுவோர் மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டுச் சீட்டெடுக்கலாம். திரவங்களுக்கு உள்ள 100 மில்லிலிட்டர் வரம்பு குழந்தை உணவுக்குத் தளர்த்தப்படுகிறது, தனியே எடுத்துக் காட்ட வேண்டும்.

இறங்கிய பின்

மாலையும் மேளமும் இல்லாவிட்டாலும், பத்துப் பதினைந்து உறவினர்கள் வருகைக் கூடத்தில் காத்திருப்பது நம் வழக்கம். கைக்குக் கை குழந்தை மாறுவது அன்றைக்கு மட்டுமாவது வேண்டாம் என்று புறப்படும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் குறையும். ஆரத்தியை வீட்டு வாசலில், தாயின் இடுப்பில் குழந்தை இருக்க, இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். அழைத்துச் செல்ல வருபவர் ஒருவரே போதும், அவர் காரில் குழந்தை இருக்கையைப் பொருத்திக்கொண்டு வரவேண்டும். 14 வயதுக்குட்பட்டோரைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

இறங்கிய மறுநாள் காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ காய்ச்சல் கண்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும்; மற்றபடி ஒரு வாரம் எங்கும் அழைத்துச் செல்லாதிருப்பதே உசிதம். தத்து நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த செய்தியை அன்றே தெரிவிக்க வேண்டும். குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்டது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தொடர் கண்காணிப்பில் பயணம் பற்றியும் கேட்பார்கள் என்பதால், குழந்தை எப்போது உண்டது, எப்போது உறங்கியது, எதற்கு அஞ்சியது என்பவற்றைச் சிறு குறிப்பாக எழுதி வைப்பது பின்னர் உதவும். முதல் இரவில் அறையை இருட்டாக்க வேண்டாம். இல்லத்தில் எரிந்ததைப் போல் ஒரு சிறு விளக்கு எரியட்டும். இல்லத்திலிருந்து கொண்டுவந்த போர்வை எவ்வளவு அழுக்காகத் தோன்றினாலும், குழந்தை அதைத் தேடுவது நிற்கும்வரை துவைக்காமல் தலைமாட்டில் இருக்கட்டும்.